நடுவது நின்றது, சீகை நிற்கவில்லை

ஊட்டியிலிருந்து பைக்காரா போகும் சாலையில் ஷூட்டிங் மட்டம் என்று ஒரு நிறுத்தம் உண்டு. பழைய தமிழ்ப் பாடல் காட்சிகளில் நாயகனும் நாயகியும் ஓடி வருகிற பச்சைச் சரிவுகளில் பல இந்தச் சுற்றுவட்டாரத்தில் எடுக்கப்பட்டவை. வண்டியை நிறுத்திவிட்டு மேலேறினால் புல் தெரியும். புல்லை ஒட்டிக் கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன், சீகை (வாட்டில் என்ற ஆஸ்திரேலிய மரம்). வருகிறவர்களில் பாதிப் பேர் கேமராவைத் திருப்புவது மரங்களின் பக்கம்தான். ஆனால் அந்த மூன்றில் எதுவும் இந்த மலையில் பிறந்ததில்லை. அவை நிற்கும் சரிவுகளில் பெரும்பகுதி இருநூறு வருடத்துக்கு முன் வெறும் புல்லாகக் கிடந்தது.

நீலகிரி, பழனிமலை, ஆனைமலை, மூணாறு ஆகியவற்றின் உச்சிப் பகுதிப் புல்வெளிகள் எப்படிச் சுருங்கின என்று கேட்டால் 'வெள்ளைக்காரன் மரம் நட்டான்' என்ற ஒற்றை வரிப் பதில் வரும். அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். நட்டது ஒரு காரணம். மேய்ச்சலையும் நெருப்பையும் நிறுத்தியது இன்னொரு காரணம். நட்ட மரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனது மூன்றாவது. இன்றைய நிலைமைக்கு அதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். புல்வெளியை ஆள்பவர் மாறும்போதெல்லாம் புல்வெளியும் மாறியிருக்கிறது. ஆனால் உடனே மாறுவதில்லை. உத்தரவு போட்ட அதிகாரி ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் அந்த உத்தரவின் முழு விளைவு சரிவில் தெரிகிறது.

காட்டை அழித்ததால் வந்த புல்லா?

சுமார் 1,800 மீட்டருக்கு மேலே போனால் இந்த மலைகளில் இயற்கையாக இரண்டே அமைப்புகள். மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் சோலை என்கிற குட்டையான, அடர்ந்த காடு. மற்ற சரிவுகளிலும் மேடுகளிலும் புல். இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை கத்தியால் வெட்டியது மாதிரி இருக்கும். சோலையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் வெயிலில் நிற்பீர்கள்.

இந்தப் புல் இயற்கையானதே இல்லை, ஆதியில் எல்லாம் சோலையாக இருந்தது, மேய்ப்பவர்கள் எரித்து எரித்துப் புல்லாக்கிவிட்டார்கள் என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. வனத்துறையின் பழைய திட்டங்களில் மரம் நடுவதற்கு இது வசதியான நியாயமாகவும் இருந்தது. எப்போதோ இருந்த காட்டைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

அந்த எண்ணத்தை உடைத்தது சேறு. நீலகிரியின் பள்ளங்களில் செடிகள் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்த சதுப்புகள் இருக்கின்றன. வெயிலை விரும்பும் வெப்பமண்டலப் புற்களும் சோலை மரங்களும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை வேறு வேறு. அதனால் அவை மக்கிய மண்ணில் விட்டுப்போகும் கார்பனின் அடையாளமும் வேறு. அந்தச் சேற்றை அடுக்கு அடுக்காக எடுத்துச் சோதித்ததில், 20,000 ஆண்டுக்கும் முந்தைய அடுக்குகளிலேயே புல்லின் அடையாளம் இருந்தது. உலகம் குளிர்ந்து வறண்டிருந்த பனியுகத்தில் புல் பரந்திருக்கிறது, ஈரம் கூடிய காலங்களில் சோலை கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. எருமை மேய்ப்பவர்கள் இந்த மலைக்கு வந்ததாகச் சொல்லப்படும் எந்தக் காலத்துக்கும் வெகு முந்தையது இந்தக் கதை. ஆக, புல்வெளியை மனிதன் உண்டாக்கவில்லை. பிற்காலத்தில் அதைப் பராமரித்ததில் அவனுக்குப் பங்கு உண்டு, அவ்வளவுதான்.

சரி, சோலை ஏன் புல்லுக்குள் நுழைவதில்லை? பெரிய காரணம் உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெளிவான இரவுகளில் திறந்த நிலம் வேகமாகச் சூட்டை இழக்கிறது. பள்ளத்துப் புல்லின் மேல் காலையில் வெள்ளை விரித்ததுபோல் உறைபனி கிடக்கும். சோலைக்குள் மரங்களின் தழை போர்வையாக நின்று சூட்டைப் பிடித்துவைக்கிறது, அங்கே உறைபனி இறங்காது. பறவை போட்ட விதையிலிருந்து புல்லுக்கு நடுவே ஒரு சோலைக்கன்று முளைத்தால், முதல் இரண்டு மூன்று குளிர்காலத்துக்குள் அதன் கொழுந்து கருகிவிடும். தப்பித்தால், கோடையில் நெருப்பு.

புல்லுக்கு இது இரண்டும் பொருட்டே இல்லை. இங்கே இருப்பது தூர் கட்டும் புல். ஒரு தூரைக் கையால் விலக்கிப் பாருங்கள்: மேலே தாள் பழுத்து, முறுகி, வைக்கோல் நிறத்தில் இருக்கும். அடியில், மண்ணை ஒட்டி, பழைய தாள்களின் உறைக்குள் வெளிர்ப்பச்சை முளைகள் பத்திரமாக இருக்கும். வளர்ச்சி நடப்பது அந்த இடத்தில்தான். மேலே பனி கருக்கினாலும், எருமை கடித்தாலும், நெருப்பு ஓடினாலும் முடி வெட்டியது மாதிரிதான். அடி இருக்கிறவரை திரும்ப வரும். அதன் பலம் முழுவதும் மண்ணுக்குக் கீழே. நிழல் ஒன்றைத்தான் அதனால் தாங்க முடியாது.

எருமையும் நெருப்பும்

நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களின் வாழ்க்கை எருமையைச் சுற்றியது. எருமையின் வாழ்க்கை புல்லைச் சுற்றியது. ஒரு மந்தில் (தோடர் குடியிருப்பில்) ஒரு பருவம், மழை பெருத்தால் இன்னொரு மந்து என்று மந்தைகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு சரிவு மேயப்பட்ட பின் ஓய்வெடுக்கும். குளிர் முடிந்து புல் காய்ந்ததும் ஆங்காங்கே நெருப்பு வைப்பார்கள். பழைய தாள் எரிந்து, கொஞ்ச நாளில் இளம்புல் கிளம்பும். ஒரே சமயத்தில் மலை முழுக்க எரிப்பது அவர்களுக்கும் உதவாது, மேய்ச்சலுக்கு எங்கே போவது? அதனால் எரிந்த திட்டு, எரியாத திட்டு, சென்ற வருடம் எரிந்த திட்டு என்று சரிவெங்கும் பல வயதுப் புல் இருந்தது. அவர்கள் கோயில்களின் கூரைக்கு வேண்டியது சதுப்பில் வளரும் ஒரு குறிப்பிட்ட புல். சதுப்பை வடித்துவிட்டால் அது போய்விடும் என்பதால் சதுப்பிலும் அவர்களுக்கு அக்கறை இருந்தது.

கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறினார். சில ஆண்டுகளில் உதகமண்டலம் ஊரானது. குளிருக்கு விறகு வேண்டும். முதலில் சோலைகளை வெட்டினார்கள். அவை மெதுவாக வளர்பவை, ஈடுகொடுக்கவில்லை. ஆகவே வேகமாக வளரும் மரம் தேடி ஆஸ்திரேலியாவைப் பார்த்தார்கள். 1830-களிலும் 40-களிலும் சீகையும் கற்பூர மரமும் முதலில் தோட்டங்களுக்கு வந்தன. 1860-களில் அரசே விறகுக்காகத் தோட்டம் போட ஆரம்பித்தது. அதே காலத்தில் தேயிலையும் சின்கோனாவும் வந்தன. வீட்டுத் தோட்ட ஞாபகத்துக்காக யாரோ கொண்டுவந்த மஞ்சள் பூப்புதர்களும் கூடவே வந்தன, ஸ்காட்ச் புரூம், கார்ஸ் என்று. அவை இன்று முக்கூர்த்திப் பக்கத்துப் புல்வெளிகளில் தனித் தலைவலி.

1882-ல் சென்னை வனச்சட்டம் வந்தது. ஒதுக்குக் காட்டுக்குள் நெருப்பு வைப்பது குற்றம், மேய்ச்சலுக்கு அனுமதி வேண்டும். காகிதத்தில் பார்த்தால் பாதுகாப்பு. தரையில் நடந்தது, புல்வெளியைப் பல நூற்றாண்டாகக் கையாண்டவர்களின் கை கட்டப்பட்டது. விறகோ வரியோ தராத நிலம் என்பதால் வருவாய்த் துறையின் கண்ணில் புல் தரிசாகவே இருந்தது. தரிசை என்ன செய்வது? எதையாவது நடுவது. சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தப் பார்வை மாறவில்லை, வேகம்தான் கூடியது.

1950-களுக்குப் பிந்தைய முப்பது வருடங்களில் புல் அதிக வேகத்தில் மறைந்தது. தோல் பதனிட வேண்டிய டானின் சீகைப் பட்டையில் இருக்கிறது. அதை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்துகொண்டிருந்தார்கள், உள்ளூரிலேயே வளர்த்தால் அந்நியச் செலாவணி மிச்சம். சிறுமுகையில் வந்த விஸ்கோஸ் (செயற்கை இழை) ஆலைக்கு மரக்கூழ் தேவைப்பட்டது, அதற்குக் கற்பூர மரம். கனடா உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் நடந்தது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி என்று அணைகள் எழுந்து நல்ல புல்பள்ளங்கள் பல தண்ணீருக்குள் போயின. அணைகளின் நீர்ப்பிடிப்பில் மண் அரிக்காமல் இருக்க மரம் நட வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு ஐந்தாண்டுத் திட்டத்துக்கும் நடவு இலக்கு உண்டு. சோலையை வெட்டி நட்டால் செலவு அதிகம், எதிர்ப்பும் வரும். புல்லில் குழி தோண்டினால் போதும். இலக்கை முடிக்க வேண்டிய வனச்சரகர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டுமா?

இதனோடு உருளைக்கிழங்கு, கேரட், முட்டைகோஸ், அப்புறம் தேயிலை. உழுத நிலத்தின் கதை வேறு. உழும்போது தூர் பிடுங்கப்படுகிறது, கொத்திப் போட்ட மண்ணில் உரம் ஏறுகிறது. பிறகு அந்த வயலைச் சும்மா விட்டாலும் பழைய புல் வருவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த கிக்கியு புல்லும் களையும்தான் வரும். தூர் கட்டும் புற்களின் விதை மண்ணுக்குள் நெடுங்காலம் உயிரோடு காத்திருக்காது. விதை போய்விட்டால் போனதுதான்.

நிறுத்திய பிறகு நடந்தது

1980-களின் பிற்பகுதியில் புல்வெளியில் அயல்மரம் நடுவது நின்றது. 1988-ன் தேசிய வனக் கொள்கை காட்டை வருமானமாகப் பார்ப்பதைக் குறைத்தது, சுற்றுச்சூழல் இயக்கங்களும் குரல் எழுப்பின. முக்கூர்த்தி 1990-ல் தேசியப் பூங்கா ஆனது, முக்கியமாக வரையாட்டுக்காக. பூங்கா என்றால் வெட்டுவதும் இல்லை. சீகைத் தோட்டங்கள் பட்டைக்கும் விறகுக்கும் வெட்டப்படாமல் அப்படியே நின்றன. நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவு இது. ஆனால் சீகையிடம் யாரும் கேட்கவில்லை.

சீகை ஏன் இங்கே இவ்வளவு செழித்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முன்னே சொன்ன உறைபனி வேலியை நினைத்துக்கொள்ளுங்கள். சோலைக்கன்றைத் தடுத்த வேலி அது. சீகையும் கற்பூர மரமும் வந்தது தென்கிழக்கு ஆஸ்திரேலியா, தாஸ்மானியா பக்கத்துக் குளிர்நிலங்களிலிருந்து. உறைபனி அவற்றுக்குப் பழகியது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புல்லைக் காத்த ஒரே பெரிய தடை இந்த மரங்களுக்குத் தடையே இல்லை. இரண்டாவது, சீகை பயறு வகைக் குடும்பம். வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன, ஏழை மண்ணிலும் மளமளவென்று வளரும். மூன்றாவது, விதை.

ஒரு சீகை நெற்றைப் பிரித்தால் உள்ளே மிளகைவிடச் சிறிய, கருப்பான, பளபளப்பான விதைகள். நகத்தால் கீறினாலும் கீறல் விழாத ஓடு. அந்த ஓடு உடையாதவரை தண்ணீர் உள்ளே போகாது, விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் தூங்கும். எது அதை எழுப்பும்? சூடு. அதாவது நெருப்பு. அல்லது மேலே நிற்கும் மரத்தை வெட்டி வெயில் நேரே மண்ணில் படுவது. ஒரு மரம் வருடா வருடம் ஆயிரக்கணக்கில் விதை போடுகிறது. வேரிலிருந்தும் புதுக் குருத்து கிளப்பும் வகையும் உண்டு. அடியோடு வெட்டினால் வெட்டிய கட்டையைச் சுற்றிலும் மறுதாம்பு, அதாவது புதுத் துளிர்.

ஆகவே நடவு நின்ற பிறகும் தோட்டங்களின் ஓரத்திலிருந்து சீகை புல்லுக்குள் நடந்து வந்தது. முதல் பத்து வருடம் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. புல்லுக்கு மேலே ஒன்றிரண்டு இளமரம், அழகாகக்கூட இருக்கும். அவை காய்க்கத் தொடங்கும்போது இடைவெளி நிறைகிறது. தழை கூடுகிறது, புல்லின் தூர் நிழலில் மெலிந்து சாகிறது. பழனிமலையில் சுமார் நாற்பது வருடச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அந்தக் காலத்துக்குள் இயற்கைப் புல்வெளியில் 66 சதவீதமும் சோலையில் 31 சதவீதமும் போய்விட்டதாகக் கணக்கிட்டது. மலையின் மேல்மட்டத்தில் மிகப் பரந்து கிடந்த அமைப்பு, துண்டு துண்டாக எஞ்சிய அரிய அமைப்பாக ஆகிவிட்டது. அதில் ஒரு பகுதி விவசாயம். பெரும்பகுதி மரத்தோட்டமும், தோட்டத்திலிருந்து தானாகப் பரவியதும்.

குறிஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 12 வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து, விதை போட்டு, செடி செத்துவிடும். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. பூத்து முடிந்த சரிவில் விழுந்த விதையிலிருந்து எழும் கன்றுகளுக்குத் திறந்த வெயில் வேண்டும். இடைப்பட்ட 12 வருடத்தில் சீகை அந்தச் சரிவைப் பிடித்துவிட்டால், அடுத்த பூப்பு வரும்வரை யாருக்கும் இழப்பு கண்ணில் படாது. பூ எங்கே என்று சுற்றுலாப் பயணிகள் கேட்கும்போதுதான் தெரியும்.

வரையாட்டுக்கும் இதே கதிதான். அது திறந்த புல்லில் மேய்ந்து, ஆபத்து வந்தால் பாறை விளிம்புக்கு ஓடுகிற விலங்கு. தொலைவில் புலியோ சிறுத்தையோ தெரிய வேண்டும். சீகை நிற்கும் இடத்தில் மேய்ச்சலும் இல்லை, பார்வையும் இல்லை. ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குப் போகும் வழியில் மரம் அடைத்துவிட்டால் மந்தைகள் தனித்தனியாகிவிடும். நீலகிரி நெட்டைக்காலி போன்ற புல்வெளிப் பறவைகளும் மரம் அடர்ந்த இடத்தை ஒதுக்கிவிடுகின்றன.

தண்ணீர்க் கணக்கு

மரம் நட்டால் தண்ணீர் பெருகும் என்பது நம் ஊரில் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. இதை உரசிப் பார்த்த சோதனை ஒன்று நீலகிரியிலேயே நடந்திருக்கிறது என்பது ஊட்டிக்காரர்களில் பலருக்குத் தெரியாது. உதகையில் உள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளென்மார்கனில் அடுத்தடுத்துள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. 1968 முதல் இரண்டிலும் ஓடை நீரை அளந்தார்கள். 1972-ல் ஒன்றில் பாதிக்கும் சற்று அதிகமான பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். மற்றதைப் புல்லும் சோலையும் சதுப்புமாக அப்படியே விட்டார்கள். ஏறத்தாழ பத்து வருடச் சராசரியில், மரம் நட்ட பக்கத்தில் ஓடை நீர் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி மறுதாம்பு விட்ட இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதமானது. மழை இல்லாத மாதங்களில் ஊறி வரும் நீரும் குறைந்தது.

இரண்டாம் சுற்று ஏன் மோசம் என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். வெட்டிய கட்டைக்கு ஏற்கெனவே ஆழமான வேர் இருக்கிறது. மறுதாம்பு முதல் நாளிலிருந்தே அந்த வேரால் உறிஞ்சுகிறது. புல்லின் வேர் மேல்மண்ணிலேயே பரவி மழையை உள்ளே இறக்குகிறது, குளிர்காலத்தில் தாள் காய்ந்தபின் தண்ணீர் கேட்பதில்லை. கற்பூர மரத்துக்கு ஓய்வுக்காலம் கிடையாது. குந்தா அணைகளுக்கும் கீழே பவானிக்கும் போகிற தண்ணீர் இந்தச் சரிவுகளிலிருந்து வருவது. அணைக்கு நன்மை என்று நட்ட மரம் அணைக்கு வருவதில் ஒரு பங்கைக் குடித்தது. அந்தக் காலத்தில் நட்டவர்களைத் திட்டிப் பயனில்லை, அப்போது அவர்கள் கையில் இந்த அளவீடு இல்லை. இன்றும் நீர்ப்பிடிப்பில் கண்ணை மூடிக்கொண்டு மரம் நடச் சொல்பவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

பழைய வைத்தியம் இப்போது பலிக்குமா

மூணாறு பக்கத்து இரவிகுளம் நீலகிரிக்கு நல்ல ஒப்பீடு. 97 சதுர கிலோமீட்டர். தேயிலைக் கம்பெனியின் நிலமாக, துரைமார்களின் வேட்டைக்களமாக இருந்தது. அதனாலேயே அங்கே யாரும் தேயிலையோ மரமோ வைக்கவில்லை. வேட்டை ஆட வரையாடு வேண்டும், வரையாட்டுக்குப் புல் வேண்டும். 1975-ல் சரணாலயமாகி, 1978-ல் தேசியப் பூங்காவானது. அங்குள்ள பழங்குடிகளான முதுவர் மக்களைக் கொண்டு, புல் முழுதாகக் காயாத முன்கோடையில் திட்டுத் திட்டாகச் சூடு குறைந்த, 'குளிர்ந்த' நெருப்பு வைக்கும் பழக்கம் அங்கே தொடர்ந்தது. உலகத்தில் வரையாடு மிக அதிகமாக உள்ள ஒற்றை இடம் இன்றும் அதுதான். நோக்கம் வேட்டை, விளைவு பாதுகாப்பு. சங்கடமான உண்மைதான், ஆனால் உண்மை.

அப்படியானால் நீலகிரியிலும் பழையபடி நெருப்பு வைத்தால் போயிற்று என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். சீகை நுழையாத புல்வெளியில் நெருப்பு ஓடினால் புல் திரும்ப வரும். பல வருடம் சீகை நின்ற மண்ணில் நெருப்பு ஓடினால், தூங்கிக்கொண்டிருக்கும் விதைகள் எழுந்துகொள்ளும். அடுத்த மழையில் கம்பளம் விரித்தது மாதிரி சீகைக் கன்று. அதே நெருப்பு, அதே சரிவு, இடையில் வந்த ஐம்பது வருடத்தால் விளைவு தலைகீழ். தடைச் சட்டம் வருவதற்கு முன்னால் வேலை செய்த முறையை, தடையை நீக்குவதால் மட்டும் மீட்டுவிட முடியாது. எருமைகளும் குறைந்துவிட்டன, மந்துகளைச் சுற்றி மேய்ச்சல் போய் விவசாயம் வந்துவிட்டது. எரிக்கத் தெரிந்த தலைமுறையும் முதுமை அடைந்துவிட்டது.

நெருப்பை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் பேசும்போது மலை முழுவதையும் ஒரே நிலம் மாதிரி பேசுகிறார்கள். நான் புரிந்துகொண்டவரை, ஒரு சரிவில் எப்போது என்ன நின்றது என்று தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதிலே சொல்ல முடியாது.

மேய்ச்சல் இருந்தால்தான் புல் இருக்கும் என்பதற்குச் சமவெளியிலும் சான்று உண்டு. காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். ஒரு காட்டில் மாட்டை விட்டு, இன்னொன்றுக்கு ஓய்வு கொடுத்து, தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தார்கள். காங்கேயம் மாடு வளர்ந்தது அதில்தான். மாடு வளர்ப்பது கட்டுப்படியாகாமல் போனபோது கிளுவை வேலி பிரிந்தது, காடு மனையாகவோ காற்றாலைக்கோ போனது. அங்கே மரம் நட யாரும் வரவில்லை. பயன்பாடு போனதே போதுமானதாக இருந்தது. நீலகிரியில் நடவை மட்டுமே குற்றவாளியாக்குபவர்கள் இதையும் யோசிக்கலாம்.

மீட்பு வேலை

உயர்நீதிமன்றம் அயல்மரங்களை அகற்றச் சொல்லி உத்தரவுகள் போட்டது. 2022-ல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்று ஒரு கொள்கையையே வெளியிட்டது. அதே வருடக் கடைசியில் வரையாட்டுக்கென்று தனித் திட்டமும் வந்தது. பணம் இருக்கிறது, மனமும் இருக்கிறது. மீதி இருப்பது வேலையின் தன்மை.

முற்றிய சீகைக்காட்டை இயந்திரம் கொண்டு ஒரே மூச்சில் வெட்டி எடுப்பது பார்ப்பதற்குப் பெரிய சாதனை. படம் எடுக்கலாம், எத்தனை ஹெக்டேர் என்று அறிக்கை எழுதலாம். ஆனால் மண் கிளறி, வெயில் பட்டு, விதை எழுகிறது. அடுத்த வருடமே அங்கே நிற்க இடமில்லாமல் கன்று. அவற்றை வேரோடு பிடுங்க வேண்டும். மறு வருடம் மீண்டும். அதற்கு அடுத்த வருடமும். ஒப்பந்தம் பெரும்பாலும் வெட்டுவதோடு முடிந்துவிடுகிறது. பிடுங்குகிற வேலைக்கு ஆள் கூலி தவிர வேறு செலவில்லை, ஆனால் பல வருடம் விடாமல் கொடுக்க வேண்டிய கூலி. அந்த மாதிரிச் செலவை ஒரு நிதியாண்டுக்குள் அடைப்பது நம் அலுவலகங்களுக்கு எப்போதுமே கஷ்டம்.

முற்றிய காட்டுக்குள் இன்னொரு ஆச்சரியமும் உண்டு. பழைய சீகை, பைன் தோட்டங்களின் நிழலில், பக்கத்தில் சோலை மிச்சம் இருந்தால், சோலைக்கன்றுகள் தாமாகவே எழுகின்றன. உறைபனி இறங்காத நிழல் அவற்றுக்கு வசதியாகிவிட்டது. கொடைக்கானல் வட்டக்கானல் பக்கம் இதை நெடுநாள் கவனித்தவர்கள், அப்படிப்பட்ட இடங்களில் கோடரியோடு நுழைந்தால் வளர்ந்துவரும் சோலையையும் சேர்த்துக் கொல்வீர்கள், அதைச் சோலையாகவே விடுங்கள் என்கிறார்கள். ஏற்கத்தக்க வாதம். புல்லாக இருந்த இடமெல்லாம் புல்லாகவே திரும்பும் என்று அடம்பிடிக்க முடியாது. ஆனால் அதையே சாக்காக வைத்து எல்லா இடத்தையும் விட்டுவிடவும் கூடாது. பழனிமலை ஆய்வும் எஞ்சிய புல்வெளிகளுக்கு முன்னுரிமை கேட்கிறது. என் கணக்கில் முதலில் காசு போட வேண்டியது இன்னும் புல்லாக இருக்கிற சரிவின் ஓரங்களில். அங்கே சீகை கையால் பிடுங்கும் அளவில்தான் இருக்கிறது, தூரும் விதையும் மண்ணில் உயிரோடு இருக்கின்றன. அரை நாள் வேலையில் காப்பாற்றக்கூடிய பரப்பை இருபது வருடம் கழித்து மீட்க எவ்வளவு ஆகும் என்று போட்டுப் பார்த்தால் போதும்.

வெட்டிய இடங்களில் புல்லை நாற்றாக வளர்த்து நடும் முயற்சியும் நடக்கிறது. தூரைப் பிரித்து நாற்றங்காலில் வைத்து, மழைக்கு முன் சரிவில் இறக்குகிறார்கள். மெதுவான, முதுகை முறிக்கும் வேலை. தூர் பிடித்துவிட்டால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்துப் புல்வெளியின் அத்தனை வகைச் செடியும் திரும்ப எவ்வளவு காலமாகும் என்பது வேறு கேள்வி.

இந்த வேலை செய்கிற வனச்சரகருக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. இந்திய வனக் கணக்கெடுப்பில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரத்தழை பத்து சதவீதம் மூடியிருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யார் நட்டது என்ற கேள்வி இல்லை. சீகைக்காடு அதில் காடாக ஏறுகிறது. வரையாடு மேயும் திறந்த புல்வெளி ஏறுவதில்லை. ஆக, சீகையை ஒழுங்காக அகற்றிப் புல்லைக் கொண்டுவந்த சரகம், அடுத்த அறிக்கையில் வனப்பரப்பை இழந்த சரகமாகத்தான் தெரியும். ஏன் குறைந்தது என்று மேலிடம் கேட்டால் பதில் எழுத வேண்டியதும் அவரேதான்.